ஒளித்துகளுக்குத் திணிவு உண்டாயின் இருட்சத்தி விளங்குமா?

சில மாதங்களுக்கு முன்னர், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் ஆங்கிலச் செய்தித் துணுக்கு ஒன்றைத் தமிழாக்கி, திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தான். பிரபஞ்சம் வரவர விரைந்து விரிதற்குக் காரணமென்று கருதப்படும் இருட்சத்தியை, திணிவுடைய ஒளித்துகள்களைக் கொண்டு விளக்கலாம் என்பது அத்துணுக்கின் சாரம். ஆங்கிலத்தில் 'லைற்' என்னும் ஒரு சொல்லே ஒளியையும் குறிக்கும். பாரமற்ற இலேசான பொருளையும் குறிக்கும். மாணவன் முதல் வாக்கியத்தில் 'ஒளித்துகள்' என்றும், நான்காம் வாக்கியத்தில் 'இலேசான துகள்' என்றும் எழுதியிருந்தான். இவ்விரண்டும் ஒரு பொருளா, வேறு பொருளா என வினவினேன். அவன் விடை கூறாது நின்றான். உண்மையைச் சொல்லின், அன்று எனக்கும் விடை தெரியாது.

யான் தமிழ் கற்பிப்பவன். பௌதிகம் கற்றவன் அல்லன். ஆயினும் ஒரு கூற்றை மொழிபெயர்க்கப் புகுந்தோன் அதன் பொருளை அறியாது மொழிபெயர்த்தல் தகாது. எனவே பௌதிகம் கற்பிக்கும் நண்பர்களை அடுத்தடுத்து வினவியும், நூல்களைப் புரட்டியும் இயன்றவரை விளங்கிக்கொண்டேன். விளங்கியதன் பயனாக எனக்குத் தோன்றிய கருத்தை இவ்விழா மலரிற் பழைய மாணவர் முன்னும் இந்நாள் மாணவர் முன்னும் வைக்க விரும்புகின்றேன். கருத்து இதுவே: ஒளித்துகளுக்குத் திணிவு உண்டு என்பதனால் இருட்சத்தி விளங்கிற்று என்று கூறுதற்கு இற்றைவரை சான்று போதாது, ஆயினும் அக்கூற்றை நகைத்து ஒதுக்குதலும் அறிவுடைமை ஆகாது. அதனை நிறுத்துப் பார்க்கும் முறையே நம் மாணவர் கற்கவேண்டியது.

முதலிற் சொற்களைத் தெளிதல் வேண்டும். மயங்கவைத்தல் என்பது நன்னூலார் விலக்கிய பத்துக் குற்றங்களுள் ஒன்று. விஞ்ஞானத்தில் அக்குற்றம் மிகுந்த தீங்கு விளைக்கும். 'இருட்சத்தி' என்னும்போது இருண்ட முகிலொன்று வானில் ஒளியை மறைத்து நிற்பதாக எண்ணல் வேண்டா. அது ஒளியை மறைப்பதும் அன்று, வெளிவிடுவதும் அன்று. இன்னதென அறியப்படாமையின் 'இருள்' என்னும் அடை பெற்றது. இனி, 'நிறை' வேறு, 'திணிவு' வேறு. சந்திரனிற் சென்று நிற்பவனது நிறை ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறையும், திணிவு குறையாது. ஒளித்துகளுக்குத் திணிவு உண்டா என்னும் வினாவும் அதன் ஓய்வுத் திணிவைப் பற்றியதே. ஒளிக்குச் சத்தி உண்டு, உந்தமும் உண்டு. 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியன் அருகாக வந்த விண்மீனொளி வளைந்தமை கண்டறியப்பட்டது. ஒளி வளைந்தது ஆதலின் அதற்குத் திணிவு உண்டென்று சிலர் வாதிப்பர். அது பிழை. ஐன்ஸ்ரைனது கொள்கைப்படி, ஓய்வுத் திணிவு சிறிதும் இல்லாத ஒளியும் ஈர்ப்பினால் வளையும்.

இனி இருட்சத்தி என்னும் எண்ணம் எவ்வாறு எழுந்தது என்று காண்போம். 1917இல் ஐன்ஸ்ரைன் தம் ஈர்ப்புச் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். பிரபஞ்சம் அசையாது நிற்பது என்னும் அக்கால எண்ணத்திற்கு இசையவே அதனைச் சேர்த்தார். 1929இல் ஹபிள் என்னும் வானியலாளர், விண்மீன் திரள்கள் தத்தம் தூரத்திற்கு ஏற்ப விரைந்து அகல்வதைக் காட்டினார். பிரபஞ்சம் விரிவது என்பது உறுதியாகவே, அம்மாறிலி வேண்டப்படாததாயிற்று. பின்னர், 1998இல் இரு குழுவினர் தனித்தனியே ஆய்ந்து, எதிர்பாராத முடிபு ஒன்றை வெளியிட்டனர். ஒரே வகையாக வெடிக்கும் சுப்பர்நோவா விண்மீன்கள் எதிர்பார்த்ததிலும் மங்கலாகத் தோன்றின. மங்கலாயின் தூரம் மிகுதி. தூரம் மிகுதியாயின் விரிவு வேகம் குறையாது கூடியிருத்தல் வேண்டும். இவ்வாய்வுகளை நடத்திய பேர்ள்மற்றர், சிமிற், றீஸ் ஆகிய மூவரும் 2011இல் நோபெல் பரிசு பெற்றனர். ஐன்ஸ்ரைன் கைவிட்ட மாறிலி மீண்டும் வேண்டப்பட்டது. இன்றைய கணிப்பின்படி பிரபஞ்சத்தின் மொத்தச் சத்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 68 பங்கு இருட்சத்தி. 27 பங்கு இருட்பொருள். நாம் காணும் மண்ணும் நீரும் விண்மீனும் எல்லாஞ் சேர்ந்து 5 பங்கு மாத்திரமே.

இருட்சத்தியை எவரும் கண்டிலர். புகை கண்டு நெருப்பைத் துணிதல் போல, விரைவு கண்டு அதன் காரணத்தைத் துணிகின்றனர். நம் தருக்க நூலார் இதனைக் கருதலளவை என்பர். கருதலளவை வல்லதொரு கருவி. எனினும் வழுக்கவும் கூடும். யுறேனசுக் கோளின் இயக்கத்திற் கண்ட பிசகைக் கொண்டு இலவெரியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் மற்றொரு கோள் உண்டெனக் கணித்தார். 1846இல் அவர் குறித்த இடத்திற்கு அண்மையிலேயே நெப்தியூன் காணப்பட்டது. அவரே புதன் கோளின் பிசகிற்கும் அவ்வாறே மற்றொரு கோள் காரணம் என்றார், அக்கோள் காணப்படவேயில்லை. 1915இல் ஐன்ஸ்ரைன், பிசகு கோளினால் ஆயதன்று, ஈர்ப்புக் கொள்கையே திருத்தப்படவேண்டியது என்று காட்டினார். ஒரே அறிஞர், ஒரே முறை. ஒருகால் வெற்றி, ஒருகால் தோல்வி. இருட்சத்தி நெப்தியூனைப் போன்றதா, காணாமற்போன கோளைப் போன்றதா என்பதே இன்றைய வினா. ஆதலின் மாற்று விளக்கம் தேடுவோரைக் குறை கூறுதல் இயலாது.

அம்மாற்று விளக்கங்களுள் ஒன்றே ஒளித்துகளின் திணிவு. 1905இல் ஐன்ஸ்ரைன், ஒளி சத்திச் சொட்டுக்களாகச் செல்வது எனக் கூறினார். அச்சொட்டையே போட்டன் என்கின்றோம். வழக்கமான கொள்கைப்படி அதன் ஓய்வுத் திணிவு பூச்சியம். ஆயினும் அது பூச்சியமாகவே இருத்தல் வேண்டும் என்பதனைப் பேரறிஞர் சிலர் ஐயுற்றனர். டி புறோய் அவ்வாறு எண்ணினார். 1936இல் புறோக்கா என்னும் உருமேனிய அறிஞர், அத்தகைய திணிவுடைய துகளுக்குரிய சமன்பாடுகளை வகுத்தார். 1955இல் சுரோடிங்கரும் பாஸ் என்பவரும், போட்டனின் திணிவு பூச்சியமாகத்தான் இருத்தல் வேண்டுமா என்னும் வினாவையே தலைப்பாக இட்டுக் கட்டுரை வரைந்தனர். எனவே இவ்வினா நேற்றுத் தோன்றியதன்று.

ஒளித்துகளுக்குத் திணிவு இருப்பின் அதனை எவ்வாறு அறிவது? வழிகள் பல. ஒன்று, மின்னேற்றங்களுக்கு இடையிலுள்ள விசை, தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறு என்னும் விதி சற்றே பிழைபடும். மின்னேற்றிய பொட்கோளத்தின் உள்ளே மின்புலம் சிறிது தோன்றும். 1773இல் கவென்டிஷ் இத்தகைய பரிசோதனையைச் செய்தார். 1971இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் அதனையே மிக நுண்ணிதாகச் செய்தனர். மின்புலம் தோன்றவில்லை. மற்றொன்று, பெரிய காந்தப்புலங்கள் தூரஞ் செல்லச் செல்ல வழக்கத்தினும் விரைந்து தேய்ந்துவிடும். 1973இல் வியாழனைக் கடந்து சென்ற பயனியர் 10 விண்கலத்தின் அளவீடுகளிலிருந்தும், பின்னர்ச் சூரியக் காற்றின் காந்தப்புலத்திலிருந்தும் எல்லை வகுக்கப்பட்டது. இவற்றால் இன்று நாம் அறிவது யாதெனின், போட்டனுக்குத் திணிவு இருப்பினும், ஒரு கிலோகிராமைத் தசமத்தில் எழுதிப் புள்ளிக்குப் பின் 53 பூச்சியங்கள் இட்டு அதன்பின் 2 என எழுதின், அவ்வளவிற்கு மேற்படாது என்பதே. இலத்திரனின் திணிவை எழுதுதற்கு 30 பூச்சியங்களே போதும்.

இனி நிறுத்துப் பார்ப்போம். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் செய்யக்கூடிய கணக்கு இது. இருட்சத்தியின் அடர்த்தி, ஒரு கன மீற்றர் வெளியில் மூன்று அல்லது நான்கு ஐதரசன் அணுக்களின் திணிவுக்கு ஒப்பானது. அத்துணைச் சிறிதாயினும் வெளி எங்கணும் நிரம்பியிருத்தலின் மொத்தத்திற் பெரிதாகின்றது. ஒரு கன மீற்றர் வெளியில், பிரபஞ்சத்தின் இளமையில் எழுந்து இன்றும் பரந்து நிற்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்ப்பின் போட்டன்கள் ஏறத்தாழ 41 கோடி உள. விண்மீன்களின் ஒளித்துகள்கள் எண்ணிக்கையில் இவற்றிலும் மிகக் குறைவு. ஒவ்வொரு போட்டனுக்கும் மேற்கூறிய உச்ச எல்லைத் திணிவையே கொடுத்து 41 கோடியாற் பெருக்குக. வரும் விடை இருட்சத்தியின் அடர்த்தியை எட்டுதற்கு, ஒன்றின்பின் பதினெட்டுப் பூச்சியங்கள் இட்ட எண்ணாற் பெருக்கினும் போதாது.

அளவு போதாமை ஒருபுறம் நிற்க. தன்மையும் ஒவ்வாது. திணிவுடைய துகள்களின் கூட்டம் எதுவாயினும் ஈர்க்கும். அதன் அமுக்கம் ஒருபோதும் மறையெண் ஆகாது. விரிவை விரைவுபடுத்துவதற்கோ மறையமுக்கம் வேண்டும். அன்றியும், தூரங்கள் இரட்டித்தால் துகள்களின் அடர்த்தி எட்டில் ஒன்றாகும்; இருட்சத்தியோ ஏறத்தாழ மாறாது நிற்பதாகவே காணப்படுகின்றது. ஆகவே, திணிவுடைய ஒளித்துகள்கள் வெளியெங்கும் நிரம்பி, தம் திணிவினால் இருட்சத்தியாய் இயங்குகின்றன என்று செய்தியை வாசித்தோர் எளிதாக எண்ணும் எண்ணம் நில்லாது.

அறிஞர் கூறுவது அவ்வெளிய எண்ணம் அன்று. அவர் வழிகள் இரண்டு. முதலாவது வழியில், துகள்களை அன்றி, அவற்றிற்கு மூலமான புலத்தை நோக்குவர். போட்டனுக்குத் திணிவு உண்டாயின், மின்காந்தத்தில் வெறுங் கணக்குக் கருவியாகக் கொள்ளப்பட்ட 'அழுத்தம்' என்னும் கணியமே சத்தியைத் தாங்கும் மெய்ப்பொருளாகும். அத்திணிவு மேற்கூறிய எல்லையினும் பத்துக் கோடி கோடி மடங்கு சிறிதாயின், அப்புலம் பிரபஞ்சமளாவிப் பரந்து, விரைவிற்குரிய சத்தியைத் தரக்கூடும் என்பர். இதற்கு இடையூறு உண்டு. அத்தகைய புலத்திற்குத் திசை உண்டு. ஒரு திசை நோக்கிய புலம் பிரபஞ்சத்தை இயக்குமாயின், விரிவும் திசைக்குத் திசை வேறுபடும். வானமோ பெருமளவில் எத்திசையும் ஒன்றுபோலவே தோன்றுகின்றது. இவ்விடர் தீர்க்கப் புதிய உறுப்புக்களைச் சமன்பாட்டிற் சேர்க்கின்றனர். அத்துணைச் சிறிய திணிவை அளக்கும் கருவியும் இன்று இல்லை.

இரண்டாவது வழி வேறு. திணிவுடைய ஒளி நெடுந்தூரம் வருங்கால், இடையிலுள்ள புலங்களோடு உறவாடித் தன் மீடிறனிற் சிறிது மாற்றம் அடையலாம். அங்ஙனமாயின் நாம் காணும் செந்நகர்வின் ஒரு பகுதி விரிவினால் ஆயதன்று. செந்நகர்வைப் பிழையாகப் படித்தமையாலேயே விரைவு உண்டென்று மயங்கினோம். இருட்சத்தி வேண்டா என்பர். இது நுட்பமான வாதம். செய்தித் துணுக்குகளிற் பெரும்பாலும் மறைந்துபோகும் வாதமும் இதுவே. இதற்கும் விடை உண்டு. தொலைவிலுள்ள சுப்பர்நோவா ஒன்று ஒளிர்ந்து மங்கும் காலம், செந்நகர்வு மிகுமளவிற்கு ஏற்ப நீள்கின்றது. 1,500க்கு மேற்பட்ட சுப்பர்நோவாக்களை ஆய்ந்து 2024இல் வெளியிட்ட முடிபும் இதனை உறுதிப்படுத்திற்று. வழியில் ஒளி மீடிறனை இழத்தல் மாத்திரமே காரணமாயின் இங்ஙனம் காலம் நீளாது. ஆதலின் செந்நகர்வில் மிகப் பெரும் பங்கு விரிவினாலாயதே. மிகுதியான சிறு பங்கிற்கே இவ்வாதத்தில் இடமுண்டு. மேலும், நுண்ணலைப் பின்னணிக் கதிர்ப்பின் ஆய்வு பிரபஞ்ச வெளி தட்டையானது என்று காட்டுகின்றது. அதற்கு வேண்டிய மொத்த அடர்த்தியில் எல்லாவகைப் பொருளும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்களவே. எஞ்சிய இரு பங்கு யாது என்னும் வினா, சுப்பர்நோவாவைப் பாராதே எழுகின்ற வினா. ஒளி வழியிற் களைத்தது என்பதனால் அவ்வெற்றிடம் நிரம்பாது.

இவ்வளவில் மாணவனது மொழிபெயர்ப்பிற்கு மீள்கின்றேன். அவன் எழுதிய 'இலேசான துகள்' என்பது பிழையாயினும், முற்றும் பொருளற்றதன்று. இருட்சத்தி மாறிலி அன்று, காலந்தோறும் மெல்ல மாறும் ஒரு புலமே என்பது வேறொரு கொள்கை. அப்புலத்திற்குரிய துகள் ஒளித்துகள் அன்று; மிக மிக இலேசான, திசையற்ற வேறொரு துகள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிற் பீக் மலையில், ஒரே வேளையில் 5,000 விண்பொருள்களின் ஒளியைப் பிரித்தாயும் 'டெசி' என்னும் கருவி இயங்குகின்றது. 2024இலும் 2025இலும் அதன் முடிபுகளை வெளியிட்டோர், இருட்சத்தி காலத்தோடு தளர்ந்துவருவதற்கான குறிப்புக் காணப்படுகின்றது என்றனர். குறிப்பு என்றனரேயன்றி நிறுவினோம் என்றிலர். அது மெய்ப்படுமாயின் 1917ஆம் ஆண்டு மாறிலி போதாதென்றாகும். இலேசான துகள் பற்றிய கொள்கை வலுப்பெறும். எனவே ஆங்கிலச் சொல்லின் இரு பொருளும் இரு வேறு கொள்கைகளாம். ஒன்றற்குரிய சான்றை மற்றொன்றிற்கு ஏற்றிப் பேசுதல் பெரும் பிழை. ஆங்கிலத்தில் வாசிப்போனுக்கு இம்மயக்கம் எளிதில் நேரும். தமிழில் ஒளியும் இலேசும் வேறுவேறு சொற்களாதலின், தமிழில் எழுதப் புகுந்தோன் இவ்விரண்டுள் ஒன்றைத் துணிந்தே ஆகவேண்டும். தாய்மொழியில் விஞ்ஞானம் எழுதுதல் வெறும் மொழிப்பற்று அன்று, விளங்கிக்கொண்டோமா என்று நம்மை நாமே சோதிக்கும் சோதனையுமாம் என்று யான் கருதுதற்குக் காரணம் இதுவே.

திணிவு பூச்சியமே என்று அடித்துரைப்போருக்கும் ஒன்று கூறவேண்டும். நியூத்திரினோ என்னும் துகளுக்கும் திணிவில்லை என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 1998இல், இருட்சத்தி பற்றிய செய்தி வந்த அதே ஆண்டில், யப்பானில் நிலத்தின்கீழ் அமைந்த ஆய்வுகூடம் ஒன்று அதற்குத் திணிவு உண்டெனச் சான்று காட்டிற்று. அத்துறையினர் 2015இல் நோபெல் பரிசு பெற்றனர். அளந்து எல்லை வகுத்தல் விஞ்ஞானம்; அளவாது இல்லை என்றல் நம்பிக்கை. போட்டனின் திணிவு இன்ன எல்லைக்கு மேற்படாது என்று சொல்லலாம். இல்லவேயில்லை என்று எந்தக் கருவியாலும் சொல்ல இயலாது.

நம்மிடையே வேறொரு வழக்கமும் உண்டு. இத்தகைய செய்தி வெளிவந்தவுடன், இஃது எம் முன்னோர் அறிந்ததே என்று யாதேனும் ஒரு பழம்பாட்டை எடுத்துக் காட்டுவர். யானும் அப்பழம்பாட்டுக்களைக் கற்பித்தே வாழ்பவன். அவற்றின்பாற் பேரன்பு உடையவன். அவ்வன்பு காரணமாகவே இவ்வழக்கத்தை வெறுக்கின்றேன். முன்னோர் பெருமை, அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவதால் வளராது. அவர் நமக்கு விட்டுச் சென்றது அளவைகளை: காட்சி யாது, கருதல் யாது, பிறர் உரைத்ததை எவ்வளவிற் கொள்ளலாம் என்று பகுத்து அறியும் முறையை. அம்முறையைக் கைக்கொள்வதே அவருக்குச் செய்யும் சிறப்பு.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். 1947இல் அரங்கேறிய யாழ் நூலில் இசையிலக்கணத்தையும் கணிதத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். தமிழும் விஞ்ஞானமும் வேறு வேறு அறைகளில் இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. நம் கல்லூரியிலோ தமிழ் வகுப்பிற்கும் விஞ்ஞான வகுப்பிற்கும் இடையில் உள்ள விறாந்தையை மாணவர் கடப்பரேயன்றி, ஆசிரியர் கடப்பது அரிது. இக்குறைக்கு யானும் இத்தனை ஆண்டு உடந்தையாய் இருந்தேன்.

ஆகவே பழைய மாணவர்பால் ஒரு வேண்டுகோள். உங்களுள் விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் மருத்துவரும் பலர் உளர்; ஈழத்திலும் உளர், கடல் கடந்தும் உளர். கட்டடங்களுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நீங்கள் வாரி வழங்கியமையைக் கல்லூரி நன்றியுடன் நினைக்கும். அதனோடு, ஆண்டுக்கு ஒருவரேனும் தாம் தேர்ந்த துறையிலுள்ள தீராத வினா ஒன்றைத் தமிழில் எழுதிக் கல்லூரி மலருக்கு அனுப்புங்கள். தீர்ந்த வினாக்கள் பாடநூலில் உள்ளன. தீராதவையே மாணவனை எழுப்புவன. தமிழ் நடையைத் திருத்துவது எம் பொறுப்பு. பொருளைத் திருத்துவது உங்கள் பொறுப்பு.

அம்மாணவன் தன் மொழிபெயர்ப்பை மீண்டும் எழுதிக் கொணர்ந்தான். 'இலேசான' என்பதனை வெட்டி 'ஒளித்துகள்' என்றே எங்கும் திருத்தியிருந்தான். செய்தியில் 'விளக்கும்' என்று இருந்த வினையை 'விளக்கக்கூடும் என்பர்' என்று அவனே மாற்றியிருந்தான். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "கணக்குப் பார்த்தேன் ஐயா, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது" என்றான். யான் திருத்துதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை.